மறைத்து வைத்த புகாரும் அதன் கீழ் வந்த நன்றியும்

முகநூல் பக்கத்தில் ஒரு பின்னூட்டத்தை நீக்கினால், எழுதியவர் திரும்ப வந்து பார்க்கும்போது அது அங்கே இருக்காது; மறைத்தாலோ, அவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் வழக்கம்போல் தெரிந்துகொண்டிருக்கும், மற்றவர்களுக்கு மட்டும் தெரியாது. எங்கள் கிரைண்டர் நிறுவனத்தின் பக்கத்தில் இந்த வசதியை எத்தனையோ முறை பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் தீபாவளித் தள்ளுபடி விளம்பரத்தின் கீழ் வந்த ஒரு புகாரை மறைத்ததைப் பற்றி மட்டும் இன்னும் மனத்துக்குள் வழக்காடிக்கொண்டிருக்கிறேன்.

வாரண்டி முடியும் முன்பே மோட்டார் நின்றுவிட்டது, பார்க்க வந்தவர் விசிட்டிங் சார்ஜ் வாங்கிப் போனார் என்று எழுதியிருந்த அந்த வாடிக்கையாளர், கடைசியில் தம் கைப்பேசி எண்ணையும் கொடுத்திருந்தார். எண் இருந்தால் மறைத்துவிட்டு இன்பாக்ஸில் பேசுவது எங்கள் நடைமுறை. இப்படிப் புகார் எழுதுபவர்களைத் தேடிப் பிடித்து, கஸ்டமர் கேரிலிருந்து பேசுவதாகச் சொல்லி, பணம் திரும்பக் கிடைக்க ஒரு செயலியைப் பதிவிறக்கச் செய்து, வங்கிக் கணக்கைத் துடைத்துவிடும் கும்பல்கள் இருக்கின்றன. பதிலுக்காகக் காத்திருப்பவர் யார் அழைத்தாலும் நம்பிவிடுவார். ஆகவே நடைமுறையில் எனக்கு ஐயம் இல்லை.

என்னுடன் பணிபுரியும் இளம்பெண்தான் கேட்டார்: “ஏனுங்கண்ணா, நம்பர் இருந்ததால மறைச்சோமா, புகார் இருந்ததால மறைச்சோமா?” நம்பருக்காகத்தான் என்றேன். அவர் பேசாமல் பழைய சமையல் குறிப்பு ஒன்றைத் திறந்து காட்டினார். இட்லி பூப்போல வருகிறது என்று பாராட்டிய ஓர் அம்மா அதன் கீழ் தம் எண்ணைக் கொடுத்திருந்தார். அதை எவரும் மறைக்கவில்லை. மோசடிக்காரர்கள் பாராட்டுபவர்களைத் தேடிப் போவதில்லை என்று நான் சொன்ன பதில் சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். அது அவ்வளவு விரைவாக என் வாயில் வந்ததுதான் உறுத்துகிறது. அன்று அந்த விளம்பரத்துக்குப் பணம் கட்டியிருந்தோம். “அந்தக் கமெண்ட்டைக் கொஞ்சம் பாருங்க” என்று விற்பனைப் பிரிவிலிருந்து அழைப்பும் வந்திருந்தது. எண் இல்லாமல் அதே புகார் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்?

பிறர் எழுதியதைத் திருத்த எங்களால் முடியாது, எழுதியவரால் முடியும். மறைத்த கையோடு, எண்ணை மட்டும் எடுத்துவிடச் சொல்லி அவரிடமே கேட்டு, அதன்பின் புகாரை எல்லோருக்கும் தெரியச் செய்திருக்கலாம். அந்த வழி அன்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததில் எங்களுக்கு வசதியும் இருந்தது.

ஆனாலும் வேலை நடந்தது. சேவைப் பிரிவு மோட்டாரை மாற்றிக் கொடுத்தது, விசிட்டிங் சார்ஜாக வாங்கிய பணத்தையும் திருப்பித் தந்தது. அவரோ அந்த மறைந்த பின்னூட்டத்தின் கீழேயே, நாலு பேர் பார்க்கும் இடத்தில் கேட்டதால்தான் தீர்வு கிடைத்தது என்று எழுதி நன்றி சொல்லியிருந்தார். விற்பனைப் பிரிவுக்கு அதை இப்போது ஊரெல்லாம் பார்க்க வேண்டும். எண் இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டேன். அது நடைமுறையைக் காப்பதற்காகவா, அந்தப் பெண்ணின் கேள்விக்குத் தாமதமாகவேனும் ஒரு சான்று காட்டுவதற்காகவா என்று எனக்கே பிடிபடவில்லை.

எண்ணை எடுத்துவிடும்படி இப்போதாவது அவருக்கு எழுதலாமே என்றார் அந்தப் பெண். எழுதினால், இத்தனை நாள் கழித்து ஏன் என்று வாடிக்கையாளர் கேட்பார். புகாரை மறைத்திருந்ததைச் சொல்ல வேண்டிவரும். நான் இன்னும் எழுதவில்லை.