குவைத் பள்ளிக் கஞ்சியும் என் முதல் நோன்பும்

2016 மே கடைசியில் துபாய் வந்து இறங்கினேன், பத்து நாளில் ரமலான் நோன்பு பிடித்துவிட்டது. அதிராம்பட்டினத்தில் நோன்பு என்றால் எனக்கு விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டுக்கு உம்மா எழுப்புகிற சத்தமும், அஸர் என்கிற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு தூக்குவாளியோடு பள்ளிவாசலுக்குக் கஞ்சி வாங்க ஓடுவதும்தான். இங்கே துபாயின் தேரா பகுதியில் ஓர் அறைக்குள் ஆறு பேர், அடுக்குக் கட்டில், ஆளுக்கொரு ஷிஃப்ட். ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் கிளம்புவார், பெயர்கூடத் தெரியாது. முதல் இரண்டு நோன்பையும் கட்டிலில் உட்கார்ந்து, போனில் பாங்கு (தொழுகை அழைப்பு) கேட்டு, பேரீச்சம்பழமும் தண்ணீரும் ஒரு சமோசாவும் வைத்துத் தனியாகவே திறந்தேன்.

மூன்றாம் நாள் கீழ்க் கட்டில் கீழக்கரைக் காக்கா (எங்கள் பேச்சில் அண்ணன்) கேட்டார், "தம்பி, ரூம்ல தனியா எதுக்கு நோன்பு திறக்குறீங்க? குவைத் பள்ளிக்கு வாங்க, நம்மூர்க் கஞ்சி கிடைக்கும்."

தேராவில் இருக்கும் லூத்தா பள்ளிவாசலைத்தான் நம் ஆட்கள் குவைத் பள்ளி என்பார்கள். நோன்பு மாதத்தில் அங்கே தமிழ்நாட்டுக் கஞ்சிதான்: பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, கறி எல்லாம் போட்டுக் குழைய வேகவைத்தது, கூடவே வடை. நீளமாகப் பிளாஸ்டிக் விரிப்பு விரித்து வரிசையாக உட்காரவைப்பார்கள். தமிழர், மலையாளி, வங்காளி, பட்டாணி என்று யார் பக்கத்தில் யார் வருவார் என்று சொல்ல முடியாது. நோன்பாளிக்கு உணவு கொடுப்பவருக்கும் அதே நன்மை உண்டு என்கிற ஹதீஸ் (நபிமொழி) இருப்பதால், கொடுப்பதற்கும் ஊரில் போட்டிதான்.

ஆனால் என்னைப் பிடித்து வைத்தது கஞ்சி இல்லை, பாங்குக்கு முந்தைய அந்த இருபது நிமிடம். தட்டு முன்னால் இருக்கும், தொடக்கூடாது, ஜூன் வெயிலில் பதினைந்து மணி நேரம் காய்ந்த தொண்டை வேறு. பேசுவதைத் தவிர என்ன செய்வது? எந்த ஊர், எந்தத் தெரு, யார் மகன் என்று ஆரம்பித்து, வாடகை குறைந்த அறை எங்கே, ஊருக்குப் போகிறவர் யார், அவர் பெட்டியில் இடம் இருக்குமா என்பது வரை போகும். இரண்டாவது வேலை எனக்குக் கிடைத்தது அப்படித்தான், எதிரில் உட்கார்ந்திருந்த மதுக்கூர்க்காரர் ஒருவர் சொல்லி. ஓட்டல் மேசையாக இருந்தால் சாப்பிட்டுவிட்டு எழுந்து போயிருப்போம்.

ஏழையின் பசியை உணரத்தான் நோன்பு என்று பயான்களில், அதாவது மார்க்கச் சொற்பொழிவுகளில், சொல்வார்கள். வரிசையில் இருந்த பாதிப் பேர் கட்டட வேலையிலிருந்து நேராக வந்தவர்கள், அவர்களுக்குப் புதிதாக உணர என்ன இருக்கிறது? ரமலானில் எந்த மதத்தவர் ஆனாலும் தினமும் இரண்டு மணி நேர வேலையைக் குறைக்கவேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது. நான் இருந்த கம்பெனியில் அது ஆபீஸ்காரர்களுக்கு மட்டும் நடந்தது, சரி விடுங்கள். எனக்கு மனதில் நின்றது ஃபித்ரா, நோன்பு முடியும்போது ஏழைகளுக்குக் கொடுக்கும் தர்மம். நாங்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹப் என்கிற சட்டப் பிரிவில் பெருநாளன்று தன் குடும்பத் தேவைக்கு மேல் வைத்திருப்பவர் எவரும் கொடுக்கவேண்டும், ஆளுக்கு இரண்டரை கிலோ அரிசி. மாதம் முழுக்க இலவசமாக நோன்பு திறந்தவனும் கடைசி நாளில் கொடுப்பவன் ஆகிவிடுகிறான். ஓசிக் கஞ்சி குடிக்கிறோமே என்கிற கூச்சம் எனக்கு அதோடு போனது.

எங்கள் அறையில் தஞ்சாவூர் அண்ணன் ஒருவர், முஸ்லிம் இல்லை. அப்போதெல்லாம் பகலில் ஹோட்டல்கள் திரை போட்டிருக்கவேண்டும், 2021-ல்தான் அந்தக் கட்டாயம் போனது. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிட அவருக்குச் சங்கடம், எங்களுக்கும்தான். நாங்கள் இல்லாத நேரத்தில் அறையிலேயே சாப்பிடுங்கள் என்றால் கேட்கமாட்டார். கொஞ்ச நாளில் மாலையில் அவரும் வரிசைக்கு வந்துவிட்டார், யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

2020 ரமலானில் கொரோனாவால் பள்ளிவாசல்கள் பூட்டிக் கிடந்தன, நோன்பு திறக்கும் கூடாரமும் இல்லை, கஞ்சி வரிசையும் இல்லை. கட்டடத்தில் பாதிப் பேருக்குச் சம்பளம் நின்றுபோயிருந்தது. அறையிலேயே கஞ்சி காய்ச்சலாம் என்றபோது, எனக்குக் குடிக்கத்தான் தெரியும், அளவு தெரியாது. தஞ்சாவூர் அண்ணன்தான் என் உம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் கேட்டுக் காய்ச்சினார். பக்கத்து அறைக்காரர்கள் வாசலில் பாத்திரம் வைத்தால் ஊற்றிவிட்டு வருவோம், முகம் பார்த்துப் பேசப் பயந்த காலம். பெஷாவர்க்காரர் ஒருவர் தூர நின்று, வெந்தயம் அதிகம், கசக்கிறது என்று இந்தியில் குறை சொன்னார். மறுநாள் முதலில் வெளியே வந்தது அவர் பாத்திரம்தான், அதுவும் முந்தைய நாளைவிடப் பெரியது.