பெரிசுகளுக்குப் படம் இரண்டாவது வாரம்தான் ரிலீஸ்

தண்டையார்பேட்டை டீக்கடை பெஞ்சில் புதுப்படத்துக்குத் தீர்ப்பு சொல்கிற முறையே வேறு. திரைக்கதை, ஒளிப்பதிவு எல்லாம் அங்கே நாலாவது, ஐந்தாவது கேள்வி. முதல் கேள்வி, "படம் எம்மா நேரம்?" இரண்டாவது, "சவுண்டு எப்டி?" மூன்றாவது, "பாத்ரூம் எந்தப் பக்கம்?" இந்த மூன்றுக்கும் ஒழுங்கான பதில் வந்த பிறகுதான் ஹீரோ யார் என்றே விசாரிப்பார்கள்.

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இப்போது வருகிற பெரிய படங்களை எடைபோட இதைவிட நல்ல தராசு கிடையாது. என் கட்சி இதுதான்: பெரிய படங்களை முதல் வாரம் பார்ப்பது இளவட்டங்களின் வேலை. அவர்கள் விசிலடித்து, திட்டி, மீம் போட்டு முடித்த பிறகுதான் படமே ஒரு வழிக்கு வருகிறது.

ஆதாரம் வேண்டுமா? 2024 ஜூலையில் 'இந்தியன் 2' மூன்று மணி நேரப் படமாக வந்தது. சில நாட்களிலேயே சுமார் 12 நிமிடத்தை வெட்டி எடுத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் 'கங்குவா'. அதிலும் 12 நிமிடம் போனது. கூடவே சத்தம் தாங்கவில்லை என்று ஊரே அலற, சவுண்டை இரண்டு பாயின்ட் குறைத்து வையுங்கள் என்று தயாரிப்பாளரே தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டார். அதாவது முதல் நாள் அடித்துப் பிடித்துப் போனவருக்கு அதிக நேரம், அதிக சத்தம். பத்து நாள் பொறுத்துப் போன பெரிசுக்கு எடிட் செய்த படம், காது கிழியாத சவுண்டு, பக்கத்து சீட்டில் துண்டு போட இடம். டிக்கெட் விலை மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றே.

அந்த இரண்டு பாயின்ட் என்ன கணக்கு? தியேட்டர் சவுண்டு பிராசஸரில் பத்து வரைக்கும் எண் இருக்கும். அதில் 7 என்பதுதான் அளவு. ஸ்டுடியோவில் படத்தை மிக்ஸ் செய்வதும் அதே 7-ல் கேட்டுத்தான். ஒரு எண் இறக்கினால் ஏறக்குறைய 3.3 டெசிபல் குறையும். இரண்டு எண் இறக்கினால் ஆறரை டெசிபலுக்கு மேல். காதுக்கு நன்றாகவே தெரிகிற வித்தியாசம் அது.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தக் குமிழ் சண்டைக்குத் தனி, வசனத்துக்குத் தனி என்று கிடையாது. மொத்தத்துக்கும் ஒன்றுதான். சண்டை காதைப் பிளக்கிறது என்று ஆபரேட்டர் ஐந்துக்கு இறக்கினால், அம்மா சாகும்போது சொல்கிற ரகசியமும் ஐந்துக்கு இறங்கிவிடும். கீழே பின்னணி இசை வேறு ஓடிக்கொண்டிருக்கும். வயதானால் காதில் முதலில் போவது கீச்சுக் குரல் பகுதி. ச, த, ப மாதிரி எழுத்துகளின் முனை மழுங்கிவிடும். "என்ன சொன்னா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். வீட்டம்மா குனிந்து விளக்குவார். அந்த விளக்கத்தில் அடுத்த வசனம் போய்விடும். அதற்கு ஒரு "என்ன சொன்னா?" இப்படியே இடைவேளை வந்துவிடும்.

சில பெரிசுகள் பாக்கெட்டில் பஞ்சு கொண்டுவருவார்கள். அது சுத்த வீண். பஞ்சு தடுப்பது மெல்லிய, உச்சத்து ஒலியைத்தான். லாரி வெடிக்கிற "டம்" அப்படியே உள்ளே வரும், வசனம் மட்டும் வெளியே நின்றுவிடும். காதில் மிஷின் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றிப் பைக்குள் போடுவதும் அதே கதைதான். கழற்றாமல் அளவை மட்டும் குறைத்துக்கொள்வது மேல். ஆங்கில சப்டைட்டில் ஓடுகிற காட்சி கிடைத்தால் விடாதீர்கள். தமிழ்ப்படத்தின் தமிழ் வசனத்தை இங்கிலீஷில் படித்துப் புரிந்துகொள்கிற கொடுமை நம் தலைமுறைக்குத்தான் வாய்த்திருக்கிறது. இருந்தாலும் கதை புரிகிறதே.

சவுண்டு பாதி, சீட்டு பாதி. பேரப்பிள்ளை போனில் டிக்கெட் போடும்போது கூடவே குந்திக்கொள்ள வேண்டும். பேச்சு இப்படித்தான் போகும்:

"தாத்தா, நட்ட நடு சென்டர் ரெண்டு காலியா இருக்கு. போட்டுடவா?"

"இரு நைனா. எந்திரிச்சி வெளிய போவணும்னா எத்தினி பேரு கால மிதிக்கணும்?"

"ஒரு ஏழு பேரு."

"வாணாம். ஓரமா பாரு."

"ஓரம்னா செவுத்தாண்ட இருக்கு."

"செவுத்தாண்ட ஸ்பீக்கர் வந்து காதுல கத்தும். நடு பிளாக்குல, வழியாண்ட இருக்கறதா பாரு."

தாத்தா சொல்வதில் விஷயம் இருக்கிறது. வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கிற ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. பக்கச் சுவரில் இருப்பவை மழை, கூட்டம், குண்டு, ரீரெக்கார்டிங் அதிர்வுக்கு. சுவரை ஒட்டி உட்கார்ந்தால் மழை பக்கத்தில், வசனம் தூரத்தில். திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடு பிளாக்கில், நடைபாதை ஓரம் என்பதுதான் முதியோர் பீடம். இன்னொன்று, வரிசை எழுத்தை நம்பக் கூடாது. ஒரு தியேட்டரில் 'ஏ' என்றால் கடைசி வரிசை, இன்னொன்றில் திரைக்கு முன்னால் கழுத்தொடிய அண்ணாந்து பார்க்கிற வரிசை. போன் படத்தில் திரை எந்தப் பக்கம் போட்டிருக்கிறது என்று பார்த்துத்தான் பணம் கட்டணும்.

படி விஷயமும் உண்டு. 1967-ல் திறந்து 2020-ல் மூடிய அகஸ்தியா மாதிரி பழைய தியேட்டர்களில் தரை சரிவாக இறங்கும், இருட்டில் காலைத் தேய்த்துக்கொண்டே போய்விடலாம். மல்டிபிளெக்ஸில் எல்லாம் படி. பிடிக்கக் கம்பி இருக்காது. கதவு எந்த வரிசைப் பக்கம் திறக்கிறதோ அதற்கு நாலைந்து வரிசைக்குள் சீட்டு இருந்தால் முட்டிக்கு நல்லது. விளக்கு அணைவதற்கு முன் உட்கார்ந்துவிடுங்கள். அப்புறம் நம்மைவிட வயதில் மூத்த ஹீரோ திரையில் நாலு மாடி தாவி ஏறுவார், அதைப் பார்த்து முட்டியைத் தடவிக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதுதான்.

அந்த ஹீரோ பற்றி ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்டில் 'கூலி' வந்தபோது ரஜினிக்கு 74 வயது. தாத்தாவும் பேரனும் சேர்ந்து போக வேண்டிய படம். ஆனால் தணிக்கையில் 'ஏ' சான்றிதழ். அதை மாற்றச் சொல்லித் தயாரிப்பாளர் உயர் நீதிமன்றம் போயும் நடக்கவில்லை. 'ஏ' என்றால் 18 வயதுக்குக் கீழே உள்ளே விட மாட்டார்கள், அப்பா அம்மா கூட வந்தாலும். இப்போது 'யுஏ'வையும் 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். இதில் பெரியவர்கள் யோசித்து அழைத்துப்போகலாம். 'ஏ'வில் அந்தப் பேச்சே இல்லை. பேரனோடு வாசல் வரை போய்த் திரும்புவதைவிட, டிக்கெட் போடும்போதே படப் பெயருக்குக் கீழே இருக்கிற எழுத்தைப் பார்த்துவிடுவது உத்தமம்.

அடுத்தது பாட்டு. முன்பெல்லாம் ஐந்தாறு பாட்டு இருக்கும். அவை ரசிகனின் சிறுநீரகத்தை மதித்து வைத்த ஏற்பாடு. ஊட்டியில் அவர்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள், நாம் போய்விட்டு வந்தால் அதே புல்வெளியில் வேறு சட்டையில் ஆடிக்கொண்டிருப்பார்கள். கதையில் ஒரு சாமானும் குறையாது. இப்போது மாண்டேஜ் பாட்டு. நாலு நிமிடத்துக்குள் காதலித்து, கல்யாணம் முடித்து, குழந்தை பெற்று, வில்லனிடம் பறிகொடுத்தும் விடுகிறார்கள். அந்த நேரம் எழுந்து போனவர் திரும்பி வந்து, "இந்தக் கொயந்த யாருது?" என்று பக்கத்து சீட்டைக் கேட்க வேண்டியதுதான்.

இடைவேளையில் கவனம் இன்னும் வேண்டும். விளக்கு எரிந்த பிறகு எழுந்தால் வரிசை கதவு வரை நிற்கும். முன்னால் இருக்கிறவர் ஒரு கையில் போன், ஒரு கையில் பாப்கார்ன் வாளி வைத்துக்கொண்டு ஜிப்பைத் தேடுவார். பின்னால் நிற்கிற பெரிசு ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே, "தம்பி, கொஞ்சம் வாளிய என்னாண்ட குடு, நான் புடிச்சிக்கிறேன்" என்பார். நல்ல மனசெல்லாம் இல்லை, அவசரம்! இதற்கு மருந்து எளிது. ஹீரோ ரத்தக் காயத்தோடு தலை குனிந்து, மெதுவாகக் கண்ணைத் திறந்து, மேளம் ஏற ஆரம்பித்ததும் கிளம்பிவிட வேண்டும். அதற்கப்புறம் ஒன்றரை நிமிடம் ஸ்லோமோஷன்தான். எதுவும் தவறிப்போகாது. இரண்டாம் பாதியில் பிளாஷ்பேக் தொடங்கும்போது மட்டும் அசையக் கூடாது. வில்லனுக்கும் ஹீரோவுக்கும் என்ன பகை என்று இந்தக் காலத்தில் ஒரே ஒரு தடவைதான் சொல்கிறார்கள்.

தண்ணீர் பாட்டில் வாங்க யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வெளிச் சாப்பாட்டைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு, சுத்தமான குடிநீரை இலவசமாகக் கொடுப்பது கடமை என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மூலையில் எங்காவது குழாய் இருக்கும், கேட்டால்தான் காட்டுவார்கள்.

எல்லாப் படத்துக்கும் இரண்டாவது வாரம் பொருந்துமா என்றால் பொருந்தாது. 'மெய்யழகன்' முதலில் 177 நிமிடம். இரண்டு பேர் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிற படம். அதில் 18 நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். எந்த அவசரமும் இல்லாமல் பேசுவதுதான் அந்தப் படத்தின் சுகமே, அதில் போய்க் கத்தரி வைத்தது எனக்கு உடன்பாடில்லை. பெரிசுகளுக்கென்றே ஒரு படம் நிதானமாக வரும்போது இளசுகளுக்குப் பொறுமை போய்விடுகிறது.

சின்னப் படங்களுக்குக் கணக்கு தலைகீழ். 2025 மே 1 அன்று 'ரெட்ரோ' வந்த அதே நாளில்தான் 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் வந்தது. வாய்வழிப் பேச்சிலேயே நின்று ஓடியது. முதல் வாரம் பெரிய படத்துக்கு நடுவே ஓரமாக ஒரு காட்சி, அப்புறம் கூட்டம் கேட்டுக் காட்சி கூடுகிறது. 'லப்பர் பந்து'வும் அந்த ஜாதிதான். மாமனாருக்கும் மருமகனுக்கும் கிரிக்கெட்டில் முறைப்பு, அதில் மாமனார்தான் கெத்து. இந்த ஒரு காரணத்துக்காகவே அறுபது வயதுக்காரர்கள் அதற்கு நூற்றுக்கு நூறு போட்டிருப்பார்கள். அடியாள் இல்லாமல், துப்பாக்கி இல்லாமல், இரண்டு பேர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதிலேயே ஒரு படம் பிடிக்க முடியும் என்று காட்டியது. சத்தம் போடத் தேவையில்லாத படத்தில் வசனமும் தெளிவாகக் கேட்கும் என்பது கூடுதல் லாபம். இப்படிப்பட்ட படம் நம்ம பக்கத்துத் தியேட்டரில் மதியக் காட்சியாக மாட்டினால் உடனே போய்விடுங்கள். வெள்ளி முதல் வியாழன் வரைதான் ஒரு அட்டவணை. அடுத்த வெள்ளிக்கு எந்தக் காட்சி மிஞ்சும் என்பது புதன், வியாழனில்தான் தெரியும். நாலு வாரத்தில் பல படங்கள் ஓடிடிக்கும் போய்விடும். அங்கே பார்த்தால் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை காலிங்பெல் அடிக்கும்.

வடசென்னையைக் காட்டுகிற படங்களைப் பற்றி நம்ம பெஞ்சில் ஒரு நிரந்தரக் குறை உண்டு. ஒரு கேரம் போர்டு, ஒரு கானா, மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு கொலை, எல்லார் முதுகிலும் ஒரு பட்டாக்கத்தி. இத்தனை கத்தியை வைத்துக்கொண்டு எவனாவது ஷேர் ஆட்டோவில் உட்கார முடியுமா? கல்யாண சீசனில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைக் கூட்டத்தை இதுவரை எந்த டைரக்டரும் ஆக்‌ஷன் காட்சியாக எடுக்கவில்லை. ஒரே புடவையின் இரண்டு முனையை இரண்டு அம்மாக்கள் பிடித்துக்கொண்டு நிற்கிறபோது நடுவில் மாட்டுகிற கடைப் பையனின் நிலைமையைவிட ஆபத்தான இடம் இந்த ஏரியாவில் எனக்குத் தெரிந்து இல்லை.

மவுண்ட் ரோடு பக்கம் போய்ப் பார்ப்பவர்களுக்குக் கடைசியாக ஒரு கூட்டல். 7 மணிக் காட்சி, விளம்பரம் 10 நிமிடம், இடைவேளை 15 நிமிடம், படம் 2 மணி 50 நிமிடம் என்றால் வெளியே வர 10.15. மெட்ரோ 11 மணி வாக்கில் முடிந்துவிடும். எண்ட் கார்டுக்குப் பிறகு இரண்டாம் பாகத்துக்கு அடிபோட ஒரு துண்டுக் காட்சி வைப்பார்கள், அதற்கும் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கிளம்பலாம். 7.30 காட்சி என்றால் அந்தத் துண்டுக் காட்சியை விட்டுவிட்டு ஓடணும். விம்கோ நகர் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டால், வில்லன் உண்மையிலேயே செத்தானா, இரண்டாம் பாகத்தில் வருவானா என்று சண்டை போட சுங்கச்சாவடி ஸ்டேஷன் வரை நேரம் இருக்கிறது.