எலும்பும் மாம்சமும்

வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு அண்ணன் ஃபோன் செய்வது வழக்கம். நலம் விசாரிப்பெல்லாம் அரை நிமிடம்தான். அப்புறம், "ஜெபம் பண்ணினியா? நம்ம ஆளுக்குத்தானே?" என்பார். "நம்ம ஆள்" என்றால் எங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்: விசுவாசி. கட்சி, கொள்கை எல்லாம் அதற்குப் பிறகு.

நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் போட்டேன். என் முதல் வாக்கு, ஆராதனை முடிந்து வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்த ஒருவருக்குப் போனது. ஜெயித்தார். பதவியில் இருந்த காலத்தில் அவர் எதை ஆதரித்தார், எதை எதிர்த்தார் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயற்சி எடுக்கவும் இல்லை. அவர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. நல்லவரா கெட்டவரா என்று பார்க்கவே இல்லை என்கிறேன்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காக பைபிளின் நியாயாதிபதிகள் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது ஒன்பதாம் அதிகாரத்தில் மாட்டிக்கொண்டேன். கிதியோனின் மகன் அபிமெலேக்கு, தன் தாயின் ஊரான சீகேமுக்குப் போய் ஆதரவு திரட்டுகிறான். கிதியோனின் மற்ற மகன்கள் எழுபது பேர் உங்களை ஆள்வது நல்லதா, ஒருவன் ஆள்வது நல்லதா என்று கேட்டுவிட்டு, நான் உங்கள் எலும்பும் உங்கள் மாம்சமும் என்கிறான். என்ன செய்வேன் என்று ஒரு வார்த்தை இல்லை. ஊராருக்கும் அது தேவைப்படவில்லை. "அவன் நம்முடைய சகோதரன்" என்று சாய்ந்துவிட்டார்கள். செலவுக்குப் பணம் கோவிலிலிருந்து வருகிறது, எழுபது வெள்ளிக்காசு. அதில் போக்கிரிகளைக் கூலிக்குப் பிடித்து, தன் சகோதரர்களை ஒரே கல்லின்மேல் வெட்டிப் போடுகிறான். எழுபது பிள்ளைகள், எழுபது காசு. தலைக்கு ஒன்று என்று நான் பென்சிலால் ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

தப்பியவன் கடைசித் தம்பி யோதாம் மட்டும். அவன் கெரிசீம் மலையுச்சியில் நின்று ஒரு கதை சொல்கிறான். மரங்கள் தங்களுக்கு ஒரு ராஜா தேடிப் போகின்றன. ஒலிவமரம், என் எண்ணெயை விட்டுவிட்டு வருவேனா என்கிறது. அத்திமரம், என் இனிப்பை விடுவேனா என்கிறது. திராட்சச்செடியும் மறுக்கிறது. கடைசியில் முட்செடி, என் நிழலில் வந்து ஒதுங்குங்கள், இல்லையென்றால் என்னிலிருந்து நெருப்பு வரும் என்கிறது. முட்செடிக்கு ஏது நிழல்!

இதை முடியாட்சிக்கு எதிரான கதையாகத்தான் பலரும் விளக்குகிறார்கள். சரிதான். ஆனால் எனக்கு உறுத்தியது ஒலிவமரம். "அரசியல் சாக்கடை, நமக்கெதுக்கு, நம்முடைய ராஜ்யம் பரலோகத்தில்" என்று ஒதுங்கிக்கொண்ட என் நடு வருஷங்கள் அதில் தெரிந்தன. 1527-இல் சுவிட்சர்லாந்தின் ஷ்லைட்ஹைமில் கூடிய அனபாப்டிஸ்டுகள் (வளர்ந்தவர்களுக்கே ஞானஸ்நானம் என்ற சபையார்), கிறிஸ்தவன் அரசுப் பதவி ஏற்கக் கூடாது என்று அறிக்கை எழுதினார்கள். பட்டயத்தை, அதாவது வாளை, தொடமாட்டோம் என்று சொல்லி அதற்காக உயிரையும் கொடுத்தார்கள். அது வேறு. என்னுடையது சோம்பேறித்தனம், அதற்கு ஒரு வசனத்தைப் போர்த்தியிருந்தேன்.

கதையின் முடிவைப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. மூன்று வருஷம் கழித்து அபிமெலேக்கு சீகேமின் கோபுரத்து ஜனங்களை, ஏறக்குறைய ஆயிரம் ஆண் பெண்களை, அரணோடு சேர்த்து எரித்துவிடுகிறான். யாருடைய எலும்பும் மாம்சமும் என்று சொல்லி வந்தானோ, அவர்களையே.

பழைய கதை என்று அண்ணன் சொன்னார். கிட்டத்துக் கதை ஒன்றை நான் சொன்னேன். 1933 ஜூலையில் ஜெர்மனியின் புராட்டஸ்டண்ட் சபைகளுக்குள்ளேயே ஒரு தேர்தல் நடந்தது. முந்தைய நாள் ஹிட்லர் வானொலியில் பேசி, 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்ற நாஜி சார்பு அணிக்கு ஆதரவு கேட்டார். அவர்களே பெரும்பான்மையாக ஜெயித்தார்கள். போட்டவர்கள் எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஆள்வோருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13 தெரிந்தவர்கள். அடுத்த வருஷம் மே மாதம், இதை எதிர்த்த சபையார் ஜெர்மனியின் பார்மனில் கூடி, சபை கேட்க வேண்டிய ஒரே வார்த்தை இயேசு கிறிஸ்துவே என்று அறிக்கையிட வேண்டி வந்தது.

"அப்போ ரோமர் 13 பொய்யா?" என்றார் அண்ணன். பொய் இல்லை. ஆனால் அதை எழுதிய பவுலுக்கும் வாசித்த சபைக்கும் இராயனை, அதாவது ரோமப் பேரரசனை, தேர்ந்தெடுக்கும் வேலை இல்லை. கீழ்ப்படிவதா இல்லையா என்பது மட்டும்தான் அவர்கள் கேள்வி. எனக்கு அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி வருகிறது, அதற்குப் பவுல் நேராகப் பதில் எழுதிவைக்கவில்லை. ஆண்டவரே, ஒரு பெயரைக் காட்டும் என்று ஜெபிப்பதை அதனால் நிறுத்திவிட்டேன். பெயர் காட்டப்பட்டதாகச் சொல்லும் இரண்டு பேருக்கு இரண்டு வெவ்வேறு பெயர் காட்டப்பட்டிருப்பதும் ஒரு காரணம்.

இப்போது செய்வது இதுதான். விதவை, அநாதை, பரதேசி (அந்நியன்) என்று மோசேயின் நியாயப்பிரமாணம் திரும்பத் திரும்பச் சொல்கிறது இல்லையா? ஆராதனை முறைத் தாளின் பின்பக்கத்தில், எனக்குத் தெரிந்தவர்களில் அந்த இடத்தில் நிற்பவர்கள் பெயரை எழுதுகிறேன். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு அம்மா. அகதியாக வந்து, காகிதம் கிடைக்காமல் அலைகிற ஒரு குடும்பம். அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தேர்தல் அறிக்கையையும் படிக்கிறேன். சலிப்பான வேலை. இரண்டு மணி நேரமாவது ஆகும். சில சமயம் இவர்கள் யாருக்கும் யாரும் எதுவும் சொல்லியிருக்கமாட்டார்கள், அப்போது குறைவாகக் கெடுதல் செய்பவர் யார் என்று பார்க்க வேண்டியிருக்கும்.

போன முறை அண்ணன் ஃபோன் செய்யாமல் நேரிலேயே வந்தார். மேசையில் கிடந்த தாளை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலை ஓட்டிப் படித்தார். மூன்றாவது பெயரில் விரல் நின்றது. அவருக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

"என் பேரை எதுக்கு இதுல எழுதினே?" என்றார். தாளை இருந்த இடத்திலேயே வைத்தார். அன்று நம்ம ஆள் பேச்சை அவர் எடுக்கவில்லை.