35 அங்குல டயருக்கு எந்த கிரவுன்–பினியன்?

ஜீப் ரேங்ளர் ஜேகே வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது டயரில்தான். 35 அங்குல டயர் ஏறிய கொஞ்ச நாளில் புகார் ஆரம்பிக்கும்: ஏற்றத்தில் இழுக்கவில்லை, டாப் கியரில் நிற்காமல் கீழே இறங்கி இறங்கி ஏறுகிறது, பெட்ரோல் அதிகம் குடிக்கிறது. எஞ்சினில் ஒரு குறையும் இருக்காது. சக்கரம் பெரிதானதால் ஒரு சுற்றுக்குக் கடக்கும் தூரம் கூடிவிட்டது. முதல் கியரிலிருந்து கடைசி கியர் வரை எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் இழுவை குறைந்துவிட்டது. இதைச் சரிசெய்யும் இடம் ஆக்சில். ரிங் கியர் என்று அமெரிக்காவில் சொல்வதை நம் ஊர் மெக்கானிக்குகள் கிரவுன் என்பார்கள். அந்தக் கிரவுனையும், அதைச் சுற்றவைக்கும் சிறிய பல்சக்கரமான பினியனையும் ஜோடியாக மாற்ற வேண்டும்.

ஆக்சில் ரேஷியோ என்பது கிரவுனின் பல் எண்ணிக்கையைப் பினியனின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. கிரவுனில் 41, பினியனில் 11 என்றால் 3.73. 41க்கு 10 என்றால் 4.10. 41க்கு 9 என்றால் 4.56, 39க்கு 8 என்றால் 4.88, 41க்கு 8 என்றால் 5.13. எண் பெரிதாக ஆக இழுவை கூடும், அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுற்றும்.

எல்லோரும் முதலில் போடும் கணக்கு எளிது. பழைய ரேஷியோவைப் புதிய டயரின் விட்டத்தால் பெருக்கிப் பழைய டயரின் விட்டத்தால் வகுக்க வேண்டும். ஜேகேயின் ரூபிகான் மாடலோடு வரும் 255/75ஆர்17 டயரின் விட்டம் 32 அங்குலம். 35 என்று பக்கவாட்டில் அச்சிட்ட டயரை அளந்தால் பெரும்பாலும் 34.5 தான் இருக்கும். கணக்குக்கு அதையே எடுப்போம். 4.10 × 34.5 ÷ 32 = 4.42. அதே டயருக்கு 3.73 இருந்த வண்டியென்றால் 4.02. ஸ்போர்ட் மாடலின் 225/75ஆர்16 டயர் 29.3 அங்குலம், அதில் 3.21 இருந்தால் விடை 3.78.

பலர் தவறுவது இந்த மூன்றாவது விடையில். 3.78 வந்ததே, 3.73 போதும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். 3.21 என்பது எரிபொருள் சிக்கனத்துக்காகக் கம்பெனி வைத்த ரேஷியோ, சின்ன டயரிலேயே அது மந்தம்தான். பழைய நிலைக்குத் திரும்புவதில் என்ன லாபம், அந்தப் பழைய நிலையே சரியில்லாதபோது?

இன்னொரு விஷயம், இந்தச் சூத்திரத்துக்கு விட்டம் மட்டும்தான் தெரியும். டயரும் ரிம்மும் எடை கூடியதோ, அந்த எடை சக்கரத்தின் விளிம்பில் சுழல்வதோ, வண்டியை உயர்த்தியதால் காற்று கூடுதலாக எதிர்ப்பதோ, பம்பரும் வின்ச்சும் ஏறியதோ அதில் இல்லை. ஆகவே சூத்திரம் தரும் எண்ணைக் குறைந்தபட்ச எல்லை என்று வைத்துக்கொண்டு, அதற்கு அடுத்துக் கிடைக்கும் ரேஷியோவுக்கோ அதற்கும் ஒரு படி மேலேயோ போவதுதான் என் பரிந்துரை. ஜீப் கம்பெனியே அப்படித்தான் செய்தது. ஜேகேக்கு அடுத்து வந்த ஜேஎல் ரூபிகானில் 285/70ஆர்17 டயருக்கு 4.10 கொடுத்தவர்கள், 2021இல் எக்ஸ்ட்ரீம் ரீகான் பேக்கேஜில் 315/70ஆர்17 டயர் போட்டபோது 4.56 வைத்தார்கள். சூத்திரப்படி 4.31 போதும்.

அடுத்த கணக்கு இதைவிட முக்கியமானது: நெடுஞ்சாலையில் டாப் கியரில் எஞ்சின் எவ்வளவு சுற்றும்? மணிக்கு மைல் வேகம் × ஆக்சில் ரேஷியோ × டாப் கியர் ரேஷியோ × 336 ÷ டயர் விட்டம் அங்குலத்தில். வேகத்தைக் கிலோமீட்டரில் வைத்தால் 336க்குப் பதில் 209. டயர் கம்பெனி ஒரு மைலுக்கு எத்தனை சுற்று என்று வெளியிட்டிருந்தால், விட்டத்தை விட அந்த எண்ணை நம்பலாம். எடை ஏறியபின் டயர் நசுங்குவதும் அதில் அடங்கிவிடும்.

2012 முதல் வந்த 3.6 லிட்டர் எஞ்சினும் ஐந்து வேக ஆட்டோமேட்டிக்கும் உள்ள வண்டியை எடுங்கள். டாப் கியர் 0.83. மணிக்கு 65 மைலில், அதாவது சுமார் 105 கிலோமீட்டரில், 3.73 ரேஷியோவும் 32 அங்குல டயரும் இருந்தால் 2110 ஆர்பிஎம். 35 போட்டதும் அது 1960க்கு இறங்கும். 4.56 வைத்தால் 2400, 4.88 வைத்தால் 2560, 5.13 வைத்தால் 2700. இந்த எஞ்சினின் டார்க் உச்சம் 4800 ஆர்பிஎம்மில் வருகிறது. சுற்றினால்தான் இழுக்கும் எஞ்சின் இது. 2500 என்றதும் பயப்பட ஒன்றுமில்லை. சமதளச் சாலை அதிகம் ஓடுபவருக்கு 4.56, மலைப்பாதையும் சுமையும் உள்ளவருக்கு 4.88 என்பேன்.

2007 முதல் 2011 வரை வந்த 3.8 லிட்டரும் நான்கு வேக ஆட்டோமேட்டிக்கும் வேறு கதை. அந்தப் பெட்டியின் டாப் கியர் 0.69. 3.73 வைத்துக்கொண்டு 35 போட்டால் 65 மைலில் வெறும் 1630 ஆர்பிஎம். லேசான மேடு வந்தாலே கியர் இறங்கும், மேடு முடிந்ததும் ஏறும், மறுபடி இறங்கும். இந்த ஓயாத இறக்கம் ஏற்றத்தில் டிரான்ஸ்மிஷன் ஆயில் சூடாகி கிளட்ச் தட்டுகள் தேய்வதுதான் உண்மையான செலவு. இந்த வண்டிக்கு 5.13 கூட அதிகமில்லை. 2240 ஆர்பிஎம் தான் வரும். ஐந்து வேகப் பெட்டிக்காரர் 4.56 போட்டுத் திருப்தியாக இருக்கிறார் என்பதைக் கேட்டு நான்கு வேகப் பெட்டிக்காரர் அதையே வாங்கினால், 1990 ஆர்பிஎம்மில் மறுபடியும் திணறல்தான். ரேஷியோ விஷயத்தில் அடுத்தவர் அனுபவத்தைக் கேட்குமுன் அவர் வண்டியின் கியர்பெட்டி எது என்று கேளுங்கள்.

ஆறு வேக மேனுவலின் டாப் கியர் 0.84, நெடுஞ்சாலைக் கணக்கு ஐந்து வேக ஆட்டோமேட்டிக்கை ஒட்டியே வரும். ஆனால் அதன் முதல் கியர் 4.46, ஏற்கெனவே ஆழமானது. அதோடு 5.38 சேர்த்தால் சிக்னலில் முதல் கியர் போட்ட உடனே இரண்டாவதுக்கு மாற்ற வேண்டியிருக்கும். 37 அங்குல டயரின் உண்மை அளவை 36.5 என்று வைத்தால், 5.13இல் ஐந்து வேகப் பெட்டிக்கு 2550 வருகிறது. 35க்கு 4.88 எப்படியோ 37க்கு 5.13 அப்படி.

பாறையில் ஊர்வதற்குத் தனிக் கணக்கு: முதல் கியர் × டிரான்ஸ்பர் கேஸின் (முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) லோ ரேஷியோ × ஆக்சில் ரேஷியோ. ரூபிகானின் லோ 4.0, மற்ற ஜேகேக்களில் 2.72. மேனுவல் ரூபிகானில் 4.46 × 4.0 × 4.10 = 73. 5.13 போட்டால் 91க்கு மேல். ரூபிகான் அல்லாத மேனுவலில் 3.73 இருந்தால் 45 தான். ரூபிகான்காரர்கள் ஊர்வதற்காக ஆக்சிலை மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை, அவர்களுக்குத் தேவை சாலையில்தான்.

அப்படியானால் இருப்பதிலேயே பெரிய எண்ணை வாங்கிவிடலாமே என்றால், அதற்கு இரண்டு தடை. எண் பெரிதாகப் பினியன் சிறுக்கிறது. 8 பல் பினியன் 11 பல் பினியனை விட மெல்லியது, ஒரே நேரத்தில் கவ்வி நிற்கும் பல்லும் குறைவு. முன்னால் டானா 30 என்ற ஆக்சில் உள்ள வண்டியில் 5.13ஐயும் 37 அங்குல டயரையும் சேர்த்துப் பாறையில் ஏற்றுவது கையைச் சுடும் வேலை. இரண்டாவது, ஆக்சிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் வேகம். 65 மைலில் 3.73க்கும் 32 டயருக்கும் அது நிமிடத்துக்குச் சுமார் 2550 சுற்று, 5.13க்கும் 35க்கும் 3250. வண்டியை உயர்த்தியதால் அந்த ஷாஃப்ட்டின் முனையில் உள்ள யு-ஜாயின்ட்டின் கோணம் ஏற்கெனவே கெட்டிருக்கும். அதுவரை தெரியாத அதிர்வு இப்போது இருக்கையில் தெரியும். பழி கியர் மேல் விழும், குற்றவாளி ஷாஃப்ட்டாக இருக்கும்.

ஆர்டர் போடுமுன் வண்டியில் இப்போது என்ன இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள். பழைய வண்டியில் முந்தைய உரிமையாளர் மாற்றியிருக்கலாம். லாக்கர் (இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்றும்படி பூட்டும் அமைப்பு) இல்லாத ஆக்சிலில் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, அந்தச் சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று எண்ணினால் அதுதான் ரேஷியோ. தரையில் உள்ள சக்கரங்களுக்குக் கட்டை வைக்க மறக்காதீர்கள், நியூட்ரலில் வண்டி உருளும்.

முன், பின் இரண்டு ஆக்சிலையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒன்று 4.88, இன்னொன்று 3.73 என்று விட்டு நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால் டிரான்ஸ்பர் கேஸ் முறுக்கிக்கொண்டு உடையும். ஜேகேயின் முன் ஆக்சில் ஹை பினியன் (பினியன் கிரவுனின் மையத்துக்கு மேலே), பின்னால் உள்ள டானா 44 ஆக்சில் லோ பினியன் (மையத்துக்குக் கீழே). பல் வெட்டு எதிரெதிர்த் திசை, செட் மாற்றிப் போட முடியாது. கிரவுன் பொருந்தும் கூடான கேரியரையும் பாருங்கள். டானா 30இல் 3.55 வரைக்கும் ஒரு கேரியர், 3.73 முதல் வேறு கேரியர், 3.21 வண்டிக்காரர் இந்தச் செலவையும் சேர்க்க வேண்டும். எப்படியும் கேரியர் வாங்கப் போகிறோம் என்றால் லாக்கராகவே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம், கூலி ஒரே கூலி. பேரிங், ரேஸ், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு), க்ரஷ் ஸ்லீவ் (இறுக்கும்போது நசுங்கும் குழல்), பினியன் நட், சீல், கிரவுன் போல்ட் எல்லாம் கொண்ட முழு கிட்டை வாங்குங்கள். பழைய பேரிங்கை மறுபடி போட்டு மிச்சம் பிடிப்பது வீண், பழைய கிரவுன் போல்ட்டைப் போடுவது ஆபத்து.

பொருத்தும் வேலையில் நான்கு விஷயம் அமைய வேண்டும்: பினியன் ஆழம், பினியன் பேரிங் இறுக்கம், பேக்லாஷ் (பல்லுக்குப் பல் உள்ள இடைவெளி), கேரியர் பேரிங் இறுக்கம். பேக்லாஷ் பொதுவாக 0.006 முதல் 0.010 அங்குலம், டயல் இண்டிகேட்டரைக் கிரவுனில் குறைந்தது மூன்று இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். செட்டோடு வரும் தாளில் வேறு எண் இருந்தால் அந்த எண்ணே சட்டம். பினியன் ஆழத்தை அளவால் மட்டும் நம்பக் கூடாது. பல்லில் மஞ்சள் மார்க்கிங் பேஸ்ட் தடவி, கிரவுனுக்குத் தடை கொடுத்தபடி சுற்றி, தடம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். தடம் பல்லின் அடிவாரத்தில் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது, ஷிம் குறைக்க வேண்டும்; நுனியில் விழுந்தால் ஷிம் கூட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் சில ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம்தான் மாற்றம். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் கடையில் கொடுப்பது நல்லது. க்ரஷ் ஸ்லீவை இறுக்கும்போது இன்ச்-பவுண்ட் டார்க் ரெஞ்சில் பினியனைச் சுற்றிப் பார்த்துப் பார்த்து இறுக்குங்கள். அளவு தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சமாளிக்க முடியாது, புதிய ஸ்லீவ்தான். கையில் ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

டயர் அளவையும் புதிய ரேஷியோவையும் ப்ரோக்ராமர் கொண்டு வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்றாவிட்டால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், ஆட்டோமேட்டிக் தவறான இடத்தில் கியர் மாற்றும். 32க்குப் பதில் 34.5 இருந்தால், முள் 60 காட்டும்போது உண்மையில் கிட்டத்தட்ட 65இல் போகிறீர்கள். பிரேக்கைப் பற்றி ஒரு வரி: கியர் மாற்றம் இழுவையைத் திருப்பித் தரும், நிறுத்தும் திறனைத் தராது.

புதிய கியர்கள் முதல் ஓட்டத்தில் கடுமையாகச் சூடாகும். 15, 20 நிமிடம் மிதமாக ஓட்டிவிட்டு முழுதும் ஆறவிடுங்கள், இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். முதல் 500 மைல் வரை டிரெய்லர் வேண்டாம், நெடுநேர அதிவேகமும் வேண்டாம். அவசரப்பட்டால் பல் நீலம் பாரிக்கும், அதன்பின் ஊளைச் சத்தம் நிற்காது. 500 மைலில் ஆயிலை வடித்துப் புதியது ஊற்ற வேண்டும். மூடியைக் கழற்றும்போது காந்தத்தில் மை போன்ற சாம்பல் பசை ஒட்டியிருந்தால் சாதாரணம். கையில் நெருடும் துகளோ செதிலோ கிடைத்தால், ஆயில் ஊற்றாமல் மறுபடியும் மஞ்சள் பேஸ்ட்டை எடுங்கள்.