கட்டணம் பூஜ்யம், கடன் 12 லட்சம்

"ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாதுதான். விலக்கும் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து இப்படி வருகிறவர்களிடம் முதுநிலைக்குச் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது. இரண்டையும் ஒதுக்கிவிட்டு நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலியாவில் விண்ணப்பித்தேன். அங்கே கல்விக் கட்டணம் இல்லை; செமஸ்டர் பங்களிப்பு என்று மட்டும் முந்நூறு யூரோவுக்குச் சற்று மேல். அதிலேயே நாடு முழுக்க வட்டார ரயில்களில் போகிற டிக்கெட்டும் அடக்கம்.

பணம் கேட்கும் இடம் ப்ளாக்டு அக்கவுண்ட். ஒரு வருடச் செலவு முழுவதையும், அதாவது 11,904 யூரோவை, விசாவுக்கு முன்பே என் பெயரில் ஒரு கணக்கில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ மட்டும் கைக்கு வரும். நான் கிளம்பிய 2025-இல் யூரோ நூறு ரூபாயை ஒட்டி நின்றது. ஆக, ஏறக்குறைய 12 லட்சம்.

வங்கியில் கல்விக் கடன் படிவத்தை நீட்டினேன். 'கல்விக் கட்டணம்' என்ற கட்டத்தில் பூஜ்யம். மேலாளர் சேர்க்கைக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஃபீஸே இல்லாத காலேஜுக்கு எதுக்குத் தம்பி லோன்? நாங்க காலேஜ் அக்கவுண்டுக்குத்தான் அனுப்புவோம். உங்க பேர்ல இருக்கற கணக்குக்கு எப்படி அனுப்பறது?" அவர் பார்த்த கோப்புகளெல்லாம் அமெரிக்கா, இங்கிலாந்து. அமெரிக்க மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தை வாங்கக் கடன் அனுமதிக் கடிதம் இருந்தாலே போதும். ஜெர்மன் விசாவுக்குப் பணமே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வங்கியோ, விசா வந்தால்தான் பணம் என்கிறது. விசாவோ, பணம் வந்தால்தான் என்கிறது.

இந்த முடிச்சை அவிழ்த்தது வாய்ப்பேச்சு இல்லை, காகிதம்தான். ஜெர்மன் தூதரகத்தின் விசா ஆவணப் பட்டியல், கட்டணம் இல்லை என்று பல்கலைக்கழகம் தந்த கடிதம், பணத்தை மாதா மாதம்தான் எடுக்க முடியும் என்ற கணக்கு நிறுவனத்தின் ஆவணம், இவற்றோடு விசா மறுக்கப்பட்டால் தொகை கடன் கணக்குக்கே திரும்பும் என்று நாங்கள் எழுதிக் கொடுத்த உறுதிமொழி. கோப்பு மண்டல அலுவலகம் வரை போய்த்தான் கையெழுத்தானது. முதல் நாளே இவற்றைக் கையில் கொண்டு போகிறவருக்குப் பாதி அலைச்சல் மிச்சம்.

மீதிப் பாதி அலைச்சல் வீட்டுப் பத்திரம். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் அரசு வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். வெளிநாட்டுப் படிப்பென்றால் மொத்தச் செலவில் 15 சதவீதம் நாம் போட வேண்டும். விமானம், காப்பீடு, முதல் மாதச் செலவு எல்லாம் சேர்த்து 14 லட்சத்துக்குச் சற்று மேல் கணக்குக் காட்டினோம். 12 லட்சம் கடன், மிச்சம் அப்பாவின் சேமிப்பு. வீடு இன்னும் தாத்தா பெயரில் இருந்தது. வாரிசுச் சான்று, அத்தைகளிடமிருந்து விடுதலைப் பத்திரம், பட்டா மாறுதல், 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று, வங்கி வக்கீலின் சட்ட அபிப்பிராயம், மதிப்பீட்டாளர் வருகை. பெரிய அத்தை பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். சின்ன அத்தை, "நாளைக்கு இவன் கட்டாமப் போனா வீடு என்னாகும்ணா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அப்பா அவரைத் தனியே அழைத்துப் போய்ப் பேசினார்; என்ன பேசினார் என்று எனக்கு இன்றும் தெரியாது. சேர்க்கைக் கடிதத்துக்குக் காத்திராமல் பத்திர வேலையைத் தொடங்கிவிடுங்கள். நம் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ், விசா நேரம் இதெல்லாம் ஒரு வழியாக நடந்துவிடும்.

பணம் அனுப்பும் நாளில் கவனிக்க வேண்டியது மாற்று விகிதம். கிளையின் பலகையில் இருக்கும் விகிதத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அந்நியச் செலாவணிப் பிரிவில் பேசிக் குறைக்கலாம். ஒரு யூரோவுக்கு ஒரு ரூபாய் குறைந்தால் 11,904 ரூபாய் மிச்சம். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் நிரப்பும் ஏ2 படிவத்தில் வழிக் கட்டணம் முழுவதும் அனுப்புகிறவருடையது என்று குறிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் நடுவில் இருக்கும் வங்கி சில யூரோவைப் பிடித்துக்கொள்ளும். தொகை குறைந்தால், பணம் முழுதாக வந்துவிட்டது என்று கணக்கு நிறுவனம் தரும் உறுதிச் சான்று வராது. இன்னொன்று, 2025 ஏப்ரலிலிருந்து வங்கிக் கல்விக் கடனாகப் போகும் பணத்துக்கு டிசிஎஸ், அதாவது பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி, கிடையாது. நான் போன ஆண்டில் சொந்தப் பணமாக அனுப்பியவர்களுக்கு 10 லட்சத்துக்கு மேல் போன தொகையில் 5 சதவீதம் பிடித்தார்கள். வருமான வரிக் கணக்கில் திரும்பக் கோரலாம் என்றாலும், கிளம்பும் நேரத்தில் அந்தப் பணம் கையில் இருக்காது.

ப்ளாக்டு அக்கவுண்டில் பணம் இருக்கிறதே என்று முதல் மாதத்தை லேசாக எண்ண வேண்டாம். முகவரி பதிந்து, அங்கே நடப்புக் கணக்கு தொடங்கி, அந்த எண்ணைக் கொடுத்த பிறகுதான் எனக்கு முதல் 992 வந்தது. அதற்குள் வாடகை, அதோடு காவ்ட்ஸியோன் எனும் முன்பணம். அது மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது, மூன்று தவணையாகக் கொடுக்கலாம் என்பது ஜெர்மன் சட்டம். ஒரு அறைக்கு அத்தனை பேர் போட்டி போடும்போது வீட்டுக்காரரிடம் சட்டம் பேசத் துணிவு வராது. முழுசாகக் கொடுத்தேன். தனியாக 1,500 யூரோவாவது கையில் வையுங்கள்.

992-இல் மருத்துவக் காப்பீட்டுக்கே 140-க்கு மேல் போய்விடுகிறது. வாடகை போனால் மீதி சாப்பாட்டுக்கு. வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். 2025-இல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.82 யூரோ. "போனதும் சம்பாதித்துக் கடனை அடைத்துவிடலாம்" என்று முகவர்கள் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். மொழி தெரியாமல் முதல் பருவத்தில் வேலை கிடைப்பதே பெரிது. எனக்கு இரண்டாம் பருவத்தில்தான் பல்கலைக்கழக ஆய்வகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. அதிலிருந்து மாதா மாதம் கடன் வட்டியை மட்டும் கட்டிவருகிறேன். படிக்கும்போதே வட்டி கட்டினால் ஒரு சதவீதச் சலுகை என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. உங்கள் கடன் ஒப்பந்தத்திலும் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள்.