கண்ட்ரோல்-சி அழுத்தினாலும் கடைசி அளவீடு தொலையக்கூடாது

முப்பந்தல் பக்கத்துக் காற்றுவேக சென்சார்களை சீரியல் போர்ட் வழியாகப் படித்து, நாகர்கோவிலில் ஒரு லினக்ஸ் கணினியில் சேமிக்கும் பைத்தான் புரோகிராம் இது. சென்சாருக்கு ஒரு டாஸ்க், அதாவது மற்றவற்றோடு மாறிமாறி ஓடும் வேலை. கண்ட்ரோல்-சி அழுத்தினால் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) கிடந்த அளவீடுகள் கோப்புக்குப் போகாமலே நின்றுவிடும். அதைச் சரிசெய்தது இப்படி.

முதலில் பைத்தான் பதிப்பு. 3.11-க்கு முன்பு, கண்ட்ரோல்-சி எழுப்பும் கீபோர்டு இன்டரப்ட் என்ற பிழை, டாஸ்க்குகளை ஓட்டும் ஈவன்ட் லூப்பின் எந்த வரியிலும் எழலாம். நம்பிப் பிடிக்க இடமில்லை. 3.11 முதல், அந்த லூப்பைத் தொடங்கி முடிக்கும் அசிங்க்ஐஓ ரன், முதல் அழுத்தலில் முதன்மை டாஸ்க்கை கேன்சல் மட்டும் செய்கிறது. டாஸ்க் ஓட்டும் அசிங்க் ஃபங்ஷனான கோரூட்டினுக்குள் வருவது கேன்சல்டு எரர். கீபோர்டு இன்டரப்ட் கடைசியில் ரன்னுக்கு வெளியேதான் எழும். ஆகவே உள்ளே இருந்த ‘எக்செப்ட் கீபோர்டு இன்டரப்ட்’டை நீக்கி, பஃபரை எழுதும் வேலையை, பிழை எழுந்தாலும் ஓடும் ‘ஃபைனலி’க்கு மாற்றினோம். கேன்சல்டு எரரைப் பிடித்தே ஆகவேண்டுமென்றால் வேலை முடிந்ததும் திரும்ப ‘ரெய்ஸ்’ செய்யுங்கள். வெறும் ‘எக்செப்ட்’ அதை விழுங்கிவிடும்.

அடுத்து வந்தது மூடிய கோப்பில் எழுதும் பிழை. கிரியேட்-டாஸ்க்கில் கிளப்பிவிட்ட டாஸ்க்குகளை, முதன்மை டாஸ்க் முடிந்த பிறகுதான் ரன் கேன்சல் செய்கிறது. அதற்குள் கோப்பு மூடியாகிவிட்டது. டாஸ்க்குரூப் போட்டால் பிள்ளை டாஸ்க்குகள் முடியும்வரை காத்திருக்கும். கோப்பைத் திறப்பது அதற்கு வெளியே இருக்கட்டும்.

ரொம்ப நேரம் தின்றது பிளாக்கிங் ரீட், அதாவது தரவு வரும்வரை லூப்பையே நிறுத்திவைக்கும் வாசிப்பு. கோரூட்டினுக்குள் டைம் ஸ்லீப்போ சீரியல் ரீடோ நின்றால், அது திரும்பும்வரை கேன்சல் எடுபடாது. அழுத்தியும் நிற்கவில்லையே என்று மறுபடி அழுத்துவார்கள். இரண்டாவது அழுத்தல் உடனே கீபோர்டு இன்டரப்டை எழுப்பும், எழுதிக்கொண்டிருந்த வரி பாதியில் அறுபடும். ரீடைத் தனித் திரெட்டில் ஓட்டும் டு-திரெட்டுக்கு மாற்றினாலும் திரெட்டை கேன்சல் செய்ய முடியாது. அது முடியும்வரை புரோகிராம் காத்துக்கிடக்கும். எனவே ரீடுக்கு 1 வினாடி டைம்அவுட் கட்டாயம்.

சர்வீஸாக ஓடும்போது, லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்-டி நிறுத்துவதற்கு அனுப்புவது சிக்டெர்ம் என்ற சிக்னல். ரன் அதைப் பிடிக்காது, ஃபைனலி ஓடாமலே புரோகிராம் நின்றுவிடும். லூப்பின் ஆட்-சிக்னல்-ஹேண்ட்லரில் முதன்மை டாஸ்க்கின் கேன்சலைக் கொடுத்துவிடுங்கள். விண்டோஸில் இந்த வழி கிடையாது. சிஸ்டம்-டி அமைப்பில் மாற்றாதவரை, நின்று முடிக்க 90 வினாடிதான் அவகாசம். அதற்குள் முடியாவிட்டால் உடனே கொல்லும் சிக்கில் வரும், ஃபைனலி ஓடாது.

காற்று மும்முரமான ஆனி, ஆடியில் கரண்ட் போனால் எந்த சிக்னலும் வராது. 10 வினாடிக்கொருமுறை பஃபரைக் கோப்புக்குத் தள்ளும் ஃபிளஷ், கூடவே அதை வட்டிலேயே எழுதவைக்கும் எஃப்சிங்க் வையுங்கள்.