பெற்றோல் ஷெட் வெளிச்சம்

காரில் தென்னங் குரும்பட்டி விழுந்த நெளிவு பார்த்திருப்பீர்கள். ஐந்து ரூபாய்க் குற்றி அளவில், வட்டமாக, பெயின்ற் கொஞ்சமும் வெடிக்காமல் உள்ளே இறங்கியிருக்கும். யாழ்ப்பாணத்தில் கார் நெளிவு எடுக்கிற எனக்கு வருகிற வேலையில் இதுதான் அதிகம். குரும்பட்டி, மாங்காய், ஒழுங்கையில் பெடியள் அடிக்கிற பந்து, கோயில் வாசலில் பக்கத்தில் சாய்த்த சைக்கிளின் ஹாண்டில். வெளிநாட்டில் இந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு ஆலங்கட்டி மழை பெய்தால் கை நிறைய வேலை. எங்களுக்கு சோளகக் காற்றுப் பிடித்தால் போதும்.

பெயின்றை உடைக்காமல், உள்பக்கத்தால் கம்பி விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நெளிவை எடுப்பதுதான் வேலை. பட்டி பூசுவதில்லை, ஸ்பிறே அடிப்பதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு இந்த வேலைக்கு இங்கே ஒரு மதிப்பு வந்தது. பழைய கார் விலை ஏற ஏற, வாங்க வருகிறவர்கள் ‘ஒறிஜினல் பெயின்றா?’ என்று முதல் கேள்வியாகவே கேட்கத் தொடங்கினார்கள். புறோக்கர்மார் விரலை மடக்கிக் கதவில் தட்டிப் பார்ப்பார்கள். பட்டி இருந்தால் சத்தம் மந்தமாக வரும். சிலர் பெயின்றின் தடிப்பு அளக்கிற மீற்றரோடே வருவார்கள்.

நான் தொழில் தொடங்கியபோது கம்பிகளுக்குத்தான் காசைக் கொட்டினேன். லைற் என்பது இருட்டுக்கு என்று நினைத்திருந்தேன். ஆகவே கடையில் இருந்ததிலேயே கூடின வெளிச்சமாக, 50 வாட் எல்.இ.டி. பிளட் லைற் ஒன்றை வாங்கிக் கொழுவினேன். கராஜ் பகல் மாதிரி ஆகிவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் ‘நல்ல வெளிச்சமாக் கிடக்கு’ என்று சொல்லச் சொல்ல எனக்கும் பெருமை.

2022 ஆனியில் ஒரு ரீச்சர் வெள்ளை அக்சியோ கார் கொண்டு வந்தா. பொனெற்றில் ஒரு குரும்பட்டி. அந்த லைற்றுக்குக் கீழே வைத்து ஒன்றரை மணித்தியாலத்தில் எடுத்தேன். குனிந்து பார்த்தேன், நிமிர்ந்து பார்த்தேன், பொனெற் தட்டையாகத்தான் இருந்தது. ரீச்சரும் சந்தோசமாகப் போனா. அது பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம். நாலாம் நாள் இரவு போன் வந்தது.

“தம்பி, நான் ஷெட்டுக்குள்ளை நிக்கிறன். மேலை லைற் வரிசையாப் போகுதெல்லே, அது பொனெற்றிலை விழுகிற இடத்திலை ரெண்டு கொப்புளம் மாதிரித் தெரியுது. நீங்கள் எடுத்த இடந்தான்.”

அடுத்த நாள் மோட்டச்சைக்கிளில் போய், அதே ஷெட் கூரையின் கீழ், சாரதி சீற்றில் இருந்து பார்த்தேன். கூரை ரியூப்பின் வெள்ளைக் கோடு பொனெற் முழுவதும் நேராக வந்து, என் வேலை நடந்த இடத்தில் மட்டும் பாம்பு தவளை விழுங்கியது போல நெளிந்து போனது. பள்ளத்தை எடுக்கிறேன் என்று இரண்டு இடத்தில் மேடு ஏற்றி வைத்திருக்கிறேன். பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடிக்க, வரிசை அரை அடி நகர்ந்தது. நான் வெட்கத்தோடு இறங்கினேன்.

அன்றைக்குத்தான் லைற் எதற்கு என்று யோசித்தேன். கம்பியின் நுனி தகரத்துக்குப் பின்னால் எங்கே நிற்கிறது என்பதைக்கூட, வெளியே விழுகிற கோட்டில் ஒரு சின்ன நடுக்கமாகத்தான் கண்டுபிடிக்கிறோம். தகரம் ஒரு பாகை சரிந்தால் அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் இரண்டு பாகை சரியும். லைற் தள்ளி நிற்க நிற்க அந்தச் சரிவு இன்னும் பெரிதாகத் தெரியும். ஷெட் கூரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது! என் பிளட் லைற் கண்ணைக் கூச வைக்கும் ஒரு வெள்ளைக் குமிழியாகத்தான் பொனெற்றில் விழுந்தது. அதற்குத் தெளிவான விளிம்பு இல்லை. விளிம்பு இல்லாவிட்டால் எது நெளிகிறது என்று எதை வைத்துப் பார்ப்பது?

எங்கள் பக்கத்தில் ஒரு பழைய டிங்கரிங் ஐயா இருக்கிறார். நாற்பது வருடமாகச் சுத்தியலும் கையுமாக வேலை செய்தவர். கண்ணை மூடிக்கொண்டு பழந்துணியோடு உள்ளங்கையைத் தடவியே குறை சொல்லுவார். அவரிடம் போய் என் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, சுவரில் கறள் பிடித்த கம்பியில் தொங்கிய நாலு அடி ரியூப்பைக் காட்டினார். “உதை ஏன் வைச்சிருக்கிறன் எண்டு நினைக்கிறாய்? ராவிலை வேலை செய்யவோ?”

அந்த ரியூப்பைப் பார்த்து நான் ஒரு லைற் செய்தேன். அளவு இரண்டரை அடி. அலுமினியச் சட்டத்துக்குள் 12 வோல்ட் எல்.இ.டி. நாடா ஆறு வரிசை, முன்னால் பெயர்ப்பலகைக் கடையில் வெட்டி வாங்கிய பால்வெள்ளை அக்ரிலிக் தகடு. அந்தத் தகட்டில் கறுப்பு ஸ்ரிக்கரை ஒரே அளவு இடைவெளியில் நீளத்துக்கு ஒட்டினேன். ஒரு பாதியில் கோடு அகலம், மறுபாதியில் ஒடுக்கம். பெரிய நெளிவைத் தூக்கும்போது அகலக் கோடு போதும். கடைசியில், கண்ணுக்குத் தெரியாத மேடுகளைச் சின்னச் சுத்தியலால் தட்டி இறக்கும்போது ஒடுக்கக் கோடுதான் உண்மை சொல்லும். சட்டம் அலுமினியமாக இருந்தது நல்லதாகப் போயிற்று. எல்.இ.டி.யின் சூட்டை அது இழுத்துக்கொள்ளும். முதலில் பலகையில் அடித்துப் பார்த்த லைற் இரண்டு மாதத்தில் நடுவில் மங்கிவிட்டது.

அதற்கு நான் வாங்கிய மலிவு டிம்மர்தான் அடுத்த தலையிடி, சொல்லப்போனால் நிஜத் தலையிடி. வெளிச்சத்தைக் குறைத்து வேலை செய்தால் அரை மணித்தியாலத்தில் நெற்றி இடிக்கும். போன் கமெராவை லைற்றுக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடின. கண்ணுக்குத் தெரியாமல் லைற் அணைந்து அணைந்து எரிகிறது. இப்போது எந்த லைற் வாங்கினாலும் கடையிலேயே டிம்மரைக் குறைத்து, போனைப் பிடித்துப் பார்ப்பேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

நிறத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் அதிகம். இந்தத் தொழிலின் வீடியோக்களில் வருகிற கார் பெரும்பாலும் கறுப்பு. கறுப்பில் எந்த லைற்றும் அழகாகத்தான் தெரியும். எங்களுக்கு வருவதெல்லாம் வெள்ளையும் வெள்ளியும். பெயின்றின் மேலே உள்ள கிளியர் படை, நேராக விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு நாலு பங்கு அளவைத்தான் கண்ணாடி போலத் திருப்பும். கறுப்பு மிச்சத்தை விழுங்கிவிடும், அந்த நாலு பங்கு தனியாகத் தெரியும். வெள்ளையோ மிச்சத்தையும் சிதறடித்துத் திருப்பி அனுப்பும். கோடு அதற்குள் கரைந்துபோகும். அதனால் வெள்ளைக் காருக்கு வெளிச்சத்தைக் கூட்டுவதில் பலனில்லை. லைற்றைத் தாழ்த்தி, நானும் தாழ்ந்து, சரிவாகப் பார்க்கவேண்டும். சரிவு கூடக்கூடத் திரும்பும் பங்கும் கூடும். ரீச்சர் சீற்றில் இருந்தபடியே கண்டுபிடித்ததும் அப்படித்தான். என் ஆறு வரிசையில் மூன்று 3000 கெல்வின் மஞ்சள், மூன்று 6500 கெல்வின் வெள்ளை, தனித்தனிச் சுவிச். வெள்ளைக் காருக்கு மஞ்சள்தான் எனக்குக் கண் பிடிக்கும். கறுப்புக்கு வெள்ளையைப் போடுவேன்.

பிறகு கராஜைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினேன். எங்கள் வெயிலில் தகரக் கொட்டில் ஓட்டையால் ஒரு கீற்று விழுந்தாலே கோடு அழிந்துவிடும். கரண்ட் வெட்டுக்கு 7 அம்பியர்-மணி பற்றறி ஒன்று. லைற் ஓர் அம்பியர் அளவில்தான் இழுப்பதால் ஐந்து மணித்தியாலம் தாராளமாக எரியும். லைற்றைப் பிடிக்கிற உறிஞ்சுக் கிண்ணத்தை மட்டும் மலிவாக வாங்காதீர்கள். செம்மண் தூசு படிந்த கார்க் கூரையில், சூட்டில், ஒருநாள் அது மெல்லக் கழன்று லைற்றோடு விழுந்தது. இல்லாத நெளிவு ஒன்றை நானே போட்டு, நானே எடுத்து, காசு வாங்காமல் அனுப்பினேன்.

ரீச்சரின் கொப்புளங்களை அந்தக் கோட்டு லைற்றின் கீழ் இறக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்துவிட்டா, இரண்டும் அதே தென்னைதான். போன மாதம் வேலை முடித்து, லைற்றைத் திருப்பி, வாங்கோ ரீச்சர், கோடு எப்பிடி நேராப் போகுதெண்டு பாருங்கோ என்றேன். அவ லைற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. திறப்பை வாங்கிக்கொண்டு சொன்னா:

“ஷெட்டுக்கு ஒருக்காப் போட்டு வாறன் தம்பி. வந்து காசு தாறன்.”